தட்டத்தில் வந்த நேற்று

பாலாவிச் சந்தியில் காலை ஆறே முக்கால் மணிக் கற்பிட்டி பஸ்ஸில் ஏறும் றைஸாவை அந்த வழியில் ஓடும் கொண்டக்டர்மார் எல்லோருக்கும் தெரியும். மற்றப் பெண்கள் பிள்ளையை மடியில் வைத்திருப்பதுபோல அவள் ஒரு தராசை வைத்திருப்பாள். மீன் நிறுக்கும் தராசு அல்ல, மனிதர் ஏறி நின்றால் நிறை காட்டும் கண்ணாடித் தராசு. காலடியில் இரண்டடிச் சதுரத்தில் ஒரு பலகையும் இருக்கும். கடற்கரை வீடுகளில் பாதிக்கு மேல் மணல் தரை. மணலில் வைத்த தராசு உண்மை சொல்லாது என்பதை முதல் மாதமே கண்டுகொண்டு, தச்சனைப் பிடித்து அந்தப் பலகையைச் செய்வித்திருந்தாள். பஸ்ஸில் யாராவது இடித்துவிட்டால், "தம்பி, இதில அடிபட்டா நாப்பது பொம்பிளையள்ட நிறை பிழைக்கும்" என்பாள். கொண்டக்டர் சிரித்துக்கொண்டே இடம் பிடித்துக் கொடுப்பான்.

யுத்தம் முடிந்து ஐந்தாவது வருடம் அது. கொழும்பிலிருந்து ஒரு பல்கலைக்கழகக் குழு கற்பிட்டிப் பக்கம் ஆராய்ச்சிக்கு வந்திருந்தது. நாற்பது வயதைத் தாண்டிய, உடம்பு கூடிய பெண்கள் நாற்பது பேரைப் பிடித்து, நல்ல சாப்பாட்டையும் நடையையும் மாதம் ஒரு வகுப்பில் சொல்லிக்கொடுத்தால் ஒரு வருடத்தில் நிறை குறைகிறதா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. சொல்லிக்கொடுக்கத் தாதி ஒருவர் வருவார். வீடு வீடாகப் போவது றைஸா. மாதம் ஒருதரம் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் நிறுக்க வேண்டும். பெண்கள் இடுப்பில் கொழுவியிருக்கும் அடி எண்ணும் கருவியைப் பார்த்து எழுத வேண்டும். பிறகு, நேற்று விடிந்ததிலிருந்து படுக்கும் வரை என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

வேலைக்கு அவளைத் தெரிந்தெடுத்தது அனுஷ்கா. நீர்கொழும்புப் பிள்ளை, குழுவின் கள மேற்பார்வையாளர், வயது இருபத்தெட்டு இருக்கும். பள்ளிவாசல் பக்கத்து வீடு, கிறிஸ்தவர்களின் கோயிற்பற்று வீடு, எந்த வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றக்கூடிய முகம் றைஸாவுக்கு இருந்தது. எழுத்தும் முத்துமுத்தாக இருக்கும். முதல் நாளே அனுஷ்கா சட்டத்தைச் சொல்லிவிட்டாள். கேள், நிறு, எழுது. புத்தி சொல்லாதே. நீ புத்தி சொன்னால் நிறை குறைந்தது வகுப்பாலா உன்னாலா என்று தெரியாமல் போய்விடும் என்றாள். றைஸா ஓம் என்று தலையாட்டினாள். புத்தி சொல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய பாடு என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

நிறுக்கிற கூத்தைச் சொல்ல ஒரு நாள் போதாது. தராசைக் கண்டதும் பெண்கள் காப்பு, சங்கிலி, சேலை ஊசி எல்லாவற்றையும் கழற்றுவார்கள். ஒருத்தி கட்டின பல்லையும் கழற்றிக் கையில் பொத்திக்கொண்டு ஏறினாள். கையில் வைத்திருந்தாலும் நிறை ஒன்றுதான் என்று சொல்வது புத்தி சொல்வதாகிவிடுமோ என்று பயந்து றைஸா பேசாமல் எழுதினாள். கற்பிட்டி நகரத்து உம்மு குல்சூம் ராத்தா வீட்டை விட்டு இறங்காத மனுஷி. அவருடைய கருவி ஒரு நாளைக்குப் பதின்மூவாயிரம் அடி காட்டியது. இரண்டு மாதம் அப்படியே எழுதிய பிறகு, ஒரு நாள் வேளைக்கே போன றைஸா விஷயத்தைக் கண்டாள். சேலையில் கட்டிய பேரப்பிள்ளையின் ஏணையில் கருவி கொழுவியிருந்தது. ஏணை ஒருதரம் ஆட ஓரடி. ராத்தாவுக்கு வெட்கமே இல்லை. ஆட்டுறது நான்தானே, நடக்கிறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம், ஒரே கை நோவு என்றார்.

ஆனால் இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் அந்த நேற்று.

நம் ஆட்களிடம் ஒரு குணம் இருக்கிறது. வீடு தேடி வந்த பிள்ளையை வெறும் வாயோடு அனுப்பமாட்டார்கள். அதேபோல மனம் நோகவும் அனுப்பமாட்டார்கள். இந்தப் பிள்ளை வெயிலில் தராசும் சுமந்து வருகிறது, நேற்று நாங்கள் பாணும் சீனியும் தின்றோம் என்று சொன்னால் பாவம், பெரியவர்களிடம் ஏச்சு வாங்குமே என்ற இரக்கம். ஆகவே, தேத்தண்ணி கொடுப்பதுபோலவே ஒரு நல்ல நேற்றையும் கொடுத்தார்கள். நேற்றுக் காலை கடலைச் சுண்டல், பகல் தவிட்டரிசிச் சோறு ஒரு கோப்பை, வல்லாரைச் சம்பல், சூடை மீன் சொதி, இரவு ஒரு வாழைப்பழம். நாற்பது வீட்டிலும் வல்லாரை. கற்பிட்டி மணலில் அவ்வளவு வல்லாரை எங்கே முளைத்தது என்று கேட்கத் தோன்றும், கேட்கக் கூடாது. அவள் அப்படி எழுதிக்கொண்டிருக்கும்போதே குசினியிலிருந்து தட்டம் வரும். அதில் நாலு கரண்டி சீனி போட்ட பால் தேத்தண்ணி, தேங்காய்ப்பால் தொதல், முட்டை ரொட்டி, பட்டர் கேக். சாப்பிடாவிட்டால் அந்த வீட்டு வாசலை அடுத்த மாதம் மிதிக்க ஏலாது.

உண்மையான நேற்று வாயில் வரவில்லை, தட்டத்தில் வந்தது. அதை எழுத அனுஷ்காவின் தாளில் ஒரு கட்டம்கூட இருக்கவில்லை. றைஸா அதைச் சாப்பிட்டாள், அவ்வளவுதான்.

தராசு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கக் காலையில் தானே ஒருதரம் ஏறி நிற்பது அவள் வழக்கம். வேலை தொடங்கிய அன்று ஐம்பத்தெட்டரை. நாலாம் மாதம் அறுபத்தொன்று. தராசு பிழைத்துவிட்டது என்று அனுஷ்காவுக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டாள். அனுஷ்கா ஐந்து கிலோப் படிக்கல்லோடு வந்து வைத்துப் பார்த்தாள். தராசு ஐந்து என்றே காட்டியது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அன்று இரவுச் சோற்றின்போது கணவன் செய்னுலாப்தீனிடம் சொன்னாள். அவன் மூன்று சக்கர வண்டி ஓட்டுபவன், பகிடிக்காரன். ஊரைக் குறைக்கப் போய்க் கூட்டிக்கொண்டு வாறது நீ ஒருத்திதான் என்றான்.

கடைசி பஸ் தரிப்பில் இறங்கி, மணலில் கால்மைல் நடந்தால் மக்தலேனாவின் வீடு. கோயிலுக்குப் பின்பக்கம், கடலைப் பார்த்தபடி. கணவன் இன்னாசிப்பிள்ளை கடலுக்குப் போகிறவர். ஒரே மகன் யூட், சிலாபத்தில் வேலை. மக்தலேனாவுக்கு ஐம்பத்திரண்டு வயது, தொடக்க நிறை தொண்ணூற்றிரண்டு கிலோ. 'ரெண்டு சீற் அக்கா' என்பது பஸ்காரர்கள் வைத்த பெயர். அவள் காதுபடவே சொல்வார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்தவளுக்குள் என்ன இருந்தது என்பதை றைஸா மூன்றாம் மாதம்தான் அறிந்தாள். பத்து வருடத்துக்கு முந்தி ஒரு திருமண வீட்டில், கோயில் மண்டபத்தில், பிளாஸ்டிக் கதிரையொன்று மக்தலேனாவுக்குக் கீழே காலை விரித்துவிட்டது. விழுந்தவளைத் தூக்க ஆட்கள் வருவதற்கு முன்பு சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து எந்த விசேஷத்திலும் அவள் உட்காரவில்லை. கால் உளைவு இல்லை, நிற்கத்தான் விருப்பம் என்று சொல்லிச் சுவரோடு நிற்பாள்.

இந்த நாற்பது பேரில் றைஸாவுக்கு ஒருத்திமேல் மட்டும் ஏன் அவ்வளவு வாரப்பாடு என்று கேட்டால், அதற்கு ஒரு சட்டிதான் காரணம். இரண்டாம் மாதம் போனபோது மக்தலேனா குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய், அலுமாரியின் மேல்தட்டில் தனியே இருந்த புதுச் சட்டியையும் ஒரு கரண்டியையும் காட்டினாள். எங்கட வீட்டில பன்றி சமைக்கிற நாளும் உண்டு, இது உனக்கெண்டு வாங்கினது, இதில வேற ஒண்டும் காய்ச்சமாட்டன் என்றாள். பதினொரு வயதில், முஸ்லிம்களை ஊரைவிட்டுத் துரத்திய வருடம், மன்னாரிலிருந்து வள்ளத்தில் ஏற்றப்பட்டு, உடுத்த துணியோடு இதே கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியவள் றைஸா. தனக்கென்று யாரும் ஒரு சட்டி வாங்கி வைத்ததாக அவள் ஞாபகத்தில் இல்லை. அந்தச் சட்டியில் சுட்டதை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

மக்தலேனாவின் நிறை குறையத் தொடங்கியது ஐந்தாம் மாதம். மற்றவர்களுக்கு அரைக் கிலோ, முக்கால் கிலோ போய்வந்து கொண்டிருந்தபோது அவளுக்கு ஒரே மாதத்தில் நாலு கிலோ போயிற்று. அடுத்த மாதம் மூன்று. எட்டாம் மாதம் தராசு எழுபத்தொன்பது காட்டியது. அவள் நடந்தாள் என்பதும் பொய்யில்லை. பின்னேரம் மணலில் பஸ் தரிப்பு வரை இரண்டுதரம் போய் வருவாள். தாளிலும் எல்லாம் பொருந்தியிருந்தது. வல்லாரை, தவிட்டரிசி, சீனியில்லாத தேத்தண்ணி. கொழும்பிலிருந்து பெரியவர்கள் வந்த கூட்டத்தில் அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அதே கோயில் மண்டபம். அவளைப் போல எல்லோரும் மனம் வைத்தால் முடியும் என்று மைக்கில் சொன்னார்கள், மண்டபம் முழுக்கக் கைதட்டியது. மக்தலேனா கீழே இறங்கி வந்து, முன்வரிசையில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கையால் ஒருதரம் அமத்திப் பார்த்துவிட்டு, அதில் உட்கார்ந்தாள். கூட்டம் முடியும் வரை எழும்பவேயில்லை. பின்வரிசையில் நின்ற றைஸாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எல்லாம் தான் நிறுத்த நிறை என்று ஒரு பெருமையும் இருந்தது.

ஒன்பதாம் மாத நிறுவைக்குப் போனபோது மக்தலேனா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். யூட்டின் கலியாணம் மூன்று கிழமையில். தன் கலியாணத்துக்குக் கட்டிய கூறைக்குப் பிறகு முதற்தடவையாகப் பட்டுச் சேலை வாங்கியிருந்தாள். அதற்குத் தைத்த சட்டையைப் புரட்டி உட்பக்கத்தைக் காட்டினாள்.

"பார் மகள், தைச்சு நாலு மாசந்தான். மூண்டு தரம் பிடிச்சுத் தைச்சிட்டன். இன்னும் கழண்டு விழுது."

சட்டையின் உட்பக்க ஓரத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வரிசைத் தையல் ஓடியது. றைஸா அதைக் கையில் வாங்கித் தையலை விரலால் தடவினாள்.

அப்படியொரு சட்டையை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள். பார்த்ததென்ன, தைத்ததே அவள்தான். அகதி முகாமில், பதினேழு வயதில், தையல் வகுப்பில் சேர்ந்த புதிதில் அவள் கைவைத்த முதல் துணி அவளுடைய உம்மாவின் சட்டை. உம்மா பருத்த உடம்புக்காரி. அந்த வருடம் ஆள் மெலிந்துகொண்டு வந்தார். நிவாரண மாவும் சீனியும் சாப்பிட்டு ஊரே ஊதிக் கிடந்த முகாமில், உனக்கு மட்டும் சூரத்தும் அழகும் கூடிக்கொண்டு வருகுதே என்று பெண்கள் பொறாமைப்பட்டார்கள். உம்மா வெட்கப்பட்டுச் சிரிப்பார். றைஸா மூன்று தரம் சட்டையைப் பிடித்தாள். மூன்று தரமும் சந்தோஷமாகத்தான் பிடித்தாள். உம்மா பக்கத்தில் எப்போதும் தண்ணீர்ச் செம்பு இருந்ததை அவள் கண்டாள், கண்டும் நினைக்கவில்லை. பிறகு காலில் ஒரு மட்டி ஓடு வெட்டியது. அந்தப் புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில், சீனி வருத்தம், நீரிழிவு, இவ்வளவு முற்றும் வரை என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். முதலில் பாதம் போனது. எட்டு மாதத்தில் உம்மாவும் போய்விட்டார். தையல் பழகிய சந்தோஷத்தில் தாயின் நோயைப் பிடித்துப் பிடித்துத் தைத்துவிட்டோமே என்ற எண்ணம் றைஸாவை விட்டுப் போனதில்லை. அன்றைக்குப் பிறகு அவள் ஊசி தொடவும் இல்லை.

இப்போது மக்தலேனாவைப் பார்த்தாள். கன்னம் உள்ளே போயிருந்தது. உதடு காய்ந்திருந்தது. கதிரைக் காலடியில் ஒன்றரை லீற்றர்ப் போத்தலில் தண்ணீர் பாதி இருந்தது. தட்டத்தில் தொதலும் கேக்கும் வந்தன. மக்தலேனாவும் கூட இருந்து இரண்டு துண்டு எடுத்தாள், கதையோடு கதையாக மூன்றாவதையும் எடுத்தாள். பிறகு, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு வல்லாரை என்றாள். தராசு எழுபத்தேழு காட்டியது.

அன்றே றைஸா அனுஷ்காவிடம் சொன்னாள். அனுஷ்கா நல்ல பிள்ளை, கேட்டதும் பதறிவிட்டாள். எங்கட தாளில சீனி வருத்தம் இருக்கா எண்டு கேட்டதுக்கு இல்லை எண்டுதானே போட்டிருக்கு என்றாள். ஒருநாளும் இரத்தம் சோதிக்காத மனுஷி, 'இல்லை' என்றுதான் சொல்லும் என்றாள் றைஸா. கிளினிக்குக்கு ஒரு கடிதம் எழுதி, முத்திரை குத்தி, அனுஷ்கா அதை றைஸாவின் கையில் கொடுத்தாள். ஆனால் பிடித்து இழுத்துக்கொண்டு போக நமக்கு உரிமை இல்லை, அவதான் விரும்பிப் போகவேணும் என்றும் சொன்னாள்.

மக்தலேனா விரும்பவில்லை. கடிதத்தை வாசித்துவிட்டு மடித்து, சுவர்த் தட்டில் இருந்த அந்தோனியார் சுருவத்தின் காலடியில் வைத்தாள். கலியாணம் முடியட்டும், அதுவரைக்கும் அவர் வைச்சிருக்கட்டும் என்றாள். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது, ஆனால் கதவைச் சாத்துகிற சிரிப்பு. அம்பத்திரண்டு வருஷத்தில ஒருதரம் உடம்பு சொல்லுக் கேட்டிருக்கு, அதை வருத்தம் எண்டு சொல்ல வந்திட்டியா என்று கேட்பதுபோல இருந்தது றைஸாவுக்கு. அவள் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

நாலு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லாமல் விட்டால் உம்மாவின் கதைதான். சொன்னால், பத்து வருடம் சுவரோடு நின்ற ஒரு மனுஷியை முன்வரிசைக் கதிரையிலிருந்து எழுப்பி மறுபடியும் சுவருக்கு அனுப்புவதாகும். ஐந்தாம் நாள் காலை, நிறுவை நாள் அல்லாத ஒரு நாளில், தராசையும் பலகையையும் தூக்கிக்கொண்டு அவள் பஸ் ஏறினாள். வேலைச் சட்டத்தை இனி அல்லாஹ் பார்த்துக்கொள்ளட்டும் என்று செய்னுலாப்தீனிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மக்தலேனா வழக்கம்போல் அந்தச் சட்டியில் ரொட்டி சுட்டுக்கொண்டு வந்தாள். றைஸா தட்டத்தைத் தொடவில்லை. அந்த வீட்டில் அவள் அப்படி இருந்தது அதுதான் முதல்தரம். மக்தலேனாவின் முகம் மாறியது. றைஸா பலகையைப் போட்டு, தராசை வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே ஏறி நின்றாள்.

"அக்கா, வந்து நம்பரை வாசிங்க."

மக்தலேனா குனிந்து பார்த்தாள். அறுபத்தைந்து.

"இந்த வேலைக்கு வந்த அண்டைக்கு நான் அம்பத்தெட்டரை. மிச்ச ஆறரைக் கிலோவும் எங்கால வந்த எண்டு தெரியுமா? உங்கட சட்டியிலயும் மத்த முப்பத்தொன்பது குசினியிலயும் இரிந்து வந்தது. நீங்க எல்லாரும் சொல்லுற வல்லாரையைத் திண்டு ஒராளுக்கு இவ்வளவு நிறை வராதுக்கா. நீங்க என்ன சாப்பிடுறீங்க எண்டு எனக்குத் தெரியும். பக்கத்தில இரிந்து சாப்பிட்டவள் நான்."

மக்தலேனா முதலில் சிரித்தாள். அகப்பட்டுக்கொண்ட சிரிப்பு. வந்த பிள்ளைக்கு நல்லதாச் சொல்லி அனுப்புவம் எண்டுதான் என்று இழுத்தாள்.

"அதுதான் கேக்கிறன். ஒண்டாத்தான் சாப்பிட்டம். எனக்கு ஏறுது. உங்களுக்கு ஏன் இறங்குது?"

மக்தலேனாவின் சிரிப்பு போய்விட்டது. தண்ணீர்ப் போத்தலை எடுத்தாள், மூடியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகுதான் உண்மையான நேற்று வந்தது. நேற்று மட்டுமல்ல, ஐந்து மாதத்து நேற்றும் சேர்ந்து வந்தது. நாளுக்கு நாலு போத்தல் தண்ணீர். இரவில் ஐந்து தரம் எழும்புதல். கண்ணுக்கு முன்னால் வலை விரித்ததுபோல ஒரு மங்கல். எவ்வளவு சாப்பிட்டாலும் அடங்காத பசி. எல்லாம் நடக்கிறதால வாற பசி, நடக்கிறதால வாற தாகம் என்று நினைத்திருந்தாள். தாதி வகுப்பில் நிறையத் தண்ணி குடிக்கச் சொன்னதும் நல்லதாய்ப் போயிற்று அவளுக்கு.

"அப்ப அண்டைக்கு மேடையில கைதட்டினது?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்குத்தான் றைஸா நாலு நாள் பயந்தாள். தராசை விட்டிறங்கி மக்தலேனாவின் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். உம்மாவின் சட்டையைப் பற்றிச் சொன்னாள். செய்னுலாப்தீனுக்குக்கூட முழுதாகச் சொல்லாததை, மூன்று வரிசைத் தையலையும், ஒவ்வொரு தரமும் தான் சந்தோஷப்பட்டதையும் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். மக்தலேனா அவளுடைய தலைச்சேலையின் முனையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"கலியாணம் மட்டும் பொறுக்கேலாதா மகள்? இன்னும் ரெண்டு கிழமைதானே."

"எங்கட உம்மாவும் கால் புண்ணைக் காட்டப் பெருநாள் முடியட்டும் எண்டுதான் சொன்னவ."

மக்தலேனா எழும்பிப் போய், அந்தோனியார் காலடியில் இருந்த கடிதத்தை எடுத்துத் தூசி தட்டினாள். வீட்டுப் பின்கோடிக்குள் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த இன்னாசிப்பிள்ளையைக் கூப்பிட்டு மேலுக்கு ஒரு சேட்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். தட்டத்திலிருந்த ரொட்டியை மூடி வைத்தாள்.

கிளினிக்கில் விரலைக் குத்திப் பார்த்த தாதி, கருவி பிழையாக்கும் என்று இன்னொரு கருவியால் பார்த்தார். இரண்டும் நானூற்றைத் தாண்டிக் காட்டின. இவ்வளவு சீனியோடு நடந்தா வந்தீங்க என்று கேட்டுவிட்டு, அப்போதே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஆறு நாள் வைத்திருந்தார்கள். இன்னும் ஒரு கிழமை பிந்தியிருந்தால் கலியாண வீடு வேறு வீடாகியிருக்கும் என்று டொக்டர் இன்னாசிப்பிள்ளையிடம் சொன்னாராம். அந்த மனுஷன் கடலில் எத்தனையோ கண்டவர், ஆஸ்பத்திரி வாசலில் குந்திவிட்டார்.

கலியாணத்துக்கு மக்தலேனா அந்தப் பட்டுச் சேலையைத்தான் கட்டினாள். முன்வரிசையில் பிளாஸ்டிக் கதிரையில்தான் இருந்தாள். கதிரை ஒன்றும் சொல்லவில்லை. பரிமாறும்போது றைஸாவின் கோப்பைக்குக் கறி அந்தத் தனிச் சட்டியிலிருந்து வந்தது, கேக்கில் அவளுக்கு ஒரு துண்டு, மற்றவர்களுக்குப் போனதில் பாதி.

ஆராய்ச்சி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தட்டத்தின் கதையை றைஸா அனுஷ்காவிடம் ஒளிக்கவில்லை. உம்மு குல்சூம் ராத்தாவின் ஏணையையும் சேர்த்துச் சொன்னாள். அனுஷ்கா நம்பாமல் ஒரு நாள் கூட வந்தாள். பகலுக்குள் நாலு வீட்டில் நாலு தட்டம். நாலாவது வீட்டை விட்டு இறங்கும்போது சேலைக் கொய்யகத்தைத் தளர்த்திக்கொண்டு, இதை நான் எந்தக் கட்டத்தில எழுத என்று கேட்டாள். பிறகு யோசித்து, கடைசி மூன்று மாதமும் கேள்வியை முன்வாசலில் வைத்துக் கேட்காமல் குசினிக்குள் அடுப்படியில் இருந்து கேட்கச் சொன்னாள். இரத்தப் பரிசோதனையையும் எல்லோருக்கும் செய்வித்தாள், இன்னும் இருவருக்குச் சீனி கூடியிருந்தது தெரிந்தது. அடுப்படியில் பொய் குறைந்தது. வல்லாரையும் குறைந்தது. முடிவில் நாற்பது பேருக்கும் சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கியிருந்தது. அது பெரிய வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. அறிக்கையில் விருந்தோம்பலைப் பற்றி ஒரு பந்தி போட்டாளாம் அனுஷ்கா. நிறுத்தவளின் நிறையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

கடைசி நிறுவைக்கு றைஸா போன அன்று நல்ல சோழகக் காற்று. மணலில் பலகையை வைத்தாள். மக்தலேனா காப்பைக் கழற்றவில்லை, சங்கிலியைக் கழற்றவில்லை, அப்படியே ஏறினாள். எண்பத்திரண்டு. மருந்து பிடித்து, உடம்பு தின்றதை வைத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது. தாளின்படி, கடைசி மூன்று மாதத்தில் நாற்பது பேரிலும் ஆக மோசமாக ஐந்து கிலோ கூடியவள் அவள்தான். அந்த எண்பத்திரண்டை எழுதும்போது றைஸாவின் கை, பள்ளிக்கூடத்தில் உறுப்பெழுத்து எழுதிய காலத்தைப் போல நிதானமாக எழுதியது.

பிறகு அடுப்படியில் இருந்துகொண்டு, நேற்று என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டாள்.

"காலையில ரெண்டு துண்டு பாண், பருப்பு. பகல் சோறு, நீ சொல்லுற கோப்பையால ஒண்டரை. மீன் சொதி. பின்னேரம் அங்கால வீட்டு ஞானஸ்நானத்துக்குப் போனன். கேக் ஒரு துண்டு." மக்தலேனா கொஞ்சம் நிறுத்தினாள். "இல்லை, ரெண்டு. எழுது மகள்."

றைஸா இரண்டு என்று எழுதினாள். அந்த ஒரு வருடத்தில் அவள் எழுதிய நேற்றுகளில், திரும்ப ஒருதரம் வாசித்துப் பார்த்தது அதை மட்டும்தான்.

தாளை மடித்து வைத்த பிறகு மக்தலேனா அந்தப் பட்டுச் சட்டையைக் கொண்டுவந்து றைஸாவின் மடியில் போட்டாள். கை நுழையுதில்லை, பிரிச்சு விடு என்றாள். றைஸா பதினெட்டு வருடமாக ஊசி தொடாதவள். சட்டையைப் புரட்டி மடியில் விரித்தாள். பிறகு ஊசியை வாங்கி, ஆக உள்ளே ஓடிய வரிசையை ஒவ்வொரு தையலாகத் தூக்கிப் பிரித்தாள். இரண்டாவது வரிசையையும் பிரித்தாள். கண் மறைத்தது, ஆனாலும் துணி ஓரிடத்திலும் கிழியவில்லை. மூன்றாவது வரிசைக்கு ஊசி போனபோது மக்தலேனா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது இருக்கட்டும். அது நான் நடந்து குறைச்சது."